மூச்சு விடாதே

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, பாஸ்டர். மற்றபடி பெரிய குறை என்று எதுவும் எனக்கு இருந்ததில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் சொந்த வீடு. மனைவி அமலராணி இறந்த பிறகு சமைக்கவும் கற்றுக்கொண்டேன். ஆனால் சமைத்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரில் இருக்கும் நாற்காலிதான் கண்ணில் படும். பல நாள் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். சொந்தக்காரன் இல்லை, நம் சபைக்காரனும் இல்லை, அப்படிப்பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாரே ஜீவரத்தினம், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று ஜெபத்தில் சொன்னீர்கள். சபையே ஆமென் சொன்னது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் நடந்ததை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதில் எவ்வளவு சபைக்குச் சொல்லலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கதிரேசனை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். சேலையூர் கேம்ப் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தான். ஒரு மழை நாளில் என் ஸ்கூட்டர் நடு ரோட்டில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன். அவன் கடையை மூடிக்கொண்டிருந்தான். "இன்னா சார், தொப்பலா நனஞ்சு வந்துகீறீங்க. வண்டிய வுட்டுட்டுப் போங்க, ரெடி பண்ணி நானே வூட்டாண்ட கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றான். சொன்ன மாதிரியே மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்தான். நான் அப்போதுதான் மீன் குழம்பை இறக்கி வைத்திருந்தேன். சாப்பிடுகிறாயா என்று பேச்சுக்குக் கேட்டேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கும் மனைவி இல்லை, செம்பாக்கத்திலேயே வாடகை வீட்டில் தனியாக இருந்தான். ஒரே மகள் ரேஷ்மா, கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அன்றிலிருந்து கடையைச் சாத்திவிட்டு நேராக என் வீட்டுக்கு வருவான். சார் என்று கூப்பிட்டவன் கொஞ்ச நாளில் அண்ணா என்றான். நாகப்பூரில் கம்பெனி வேலையில் இருந்தபோதும் சரி, ரிடையர் ஆகி இங்கே வந்த பிறகும் சரி, என் வீட்டுக் கேட்டை வெளியிலிருந்து உரிமையோடு திறந்தவன் அவன் ஒருவன்தான். கேட் கொக்கி விழுகிற சத்தம் கேட்டதும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அவன் ஊருக்கு எங்காவது போயிருக்கிற நாட்களில் அந்த நேரத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன்.

போன டிசம்பரில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னான்.

"ரேஷ்மா முழுகாம கீதுண்ணா. ஏப்ரல்ல டெலிவரி. அங்கியே வந்துடுப்பான்னு ஒரே தொல்ல. மாப்ள கடைக்கு எடம் கூடப் பாத்துட்டாரு."

"நல்ல விஷயம்தானே கதிர்" என்றேன்.

"நல்ல விஷயந்தாண்ணா. பேரப் புள்ளயத் தூக்கினு சுத்த வேண்டியதான். பொங்கல் முடிஞ்சு கடையக் காலி பண்ணிட்டு, பிப்ரவரில போய்டலாம்னு கீறேன்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ இன்னாண்ணா, பஸ் ஏறுனா காலைல ஓசூரு. நெனச்சப்போ வந்துட்டுப் போ" என்றான்.

வருவதாகச் சொன்னேன். இன்னொரு தோசை வைத்தேன். அவன் வேறு ஏதேதோ பேசினான், நானும் பதில் சொன்னேன். அவன் போன பிறகு அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் போட்டேன். இப்போதிருந்தே பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மறுநாள் அவன் வருவதற்கு முன் திரும்பவும் எடுத்து வந்து போட்டுவிட்டேன்.

டூர் போகலாம் என்று சொன்னது அவன்தான். இதில் நான் நியாயமாக இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் நாம ரெண்டு பேரும் எங்கியாவது போய்ட்டு வரணும்ண்ணா என்று அவனேதான் ஆரம்பித்தான். ரேஷ்மாவும் அவள் கணவரும் கல்யாணமான புதிதில் அந்தமான் போயிருந்தார்கள். கடலுக்கு அடியில் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவில் எடுத்த போட்டோவை அவன் போனின் முகப்பில் வைத்திருந்தான். வேலை செய்யும்போது கூட எடுத்து எடுத்துப் பார்ப்பான், திரையெல்லாம் கிரீஸ். "எம் பொண்ணு பாத்தத நானும் பாக்கணும்ண்ணா. பேரனாண்ட சொல்லலாம்ல, தாத்தாவும் போய்கீறேன்டான்னு."

போகலாம் என்றேன். ஏற்பாடு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

ஜனவரி கடைசியில் கிளம்பினோம். விமானம் தாம்பரத்துக்கு மேலே திரும்பியபோது அவன் ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு ஏரிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கினோம். எழுந்ததும் டீ வாங்கிக் கொண்டுவந்து என்னை எழுப்பினான். யாராவது என்னை எழுப்பி எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

டைவிங் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வங்காளிப் பெண். முப்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம், பொறுமையான குரல். அவருக்கு இந்தியும் ஆங்கிலமும்தான் தெரியும். கதிருக்கு அந்த இரண்டும் ஓடாது. எனக்கு நாகப்பூர் இந்தி இருந்ததால் அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். காது அடைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் பயப்படக் கூடாது. விரலை வட்டமாகக் காட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம், கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தம். கடைசியாக ஒரு விஷயத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் ஒவ்வொரு தடவையும் "இன்னாண்ணா சொல்றாங்க?" என்று கேட்டான். நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். புரிந்ததா என்று அவர் இந்தியில் கேட்க, அவன் பெரிதாகத் தலையாட்டி விரலை வட்டமாகக் காட்டினான். அவர் சிரித்துவிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாயில் கடிக்கிற குழாய் வழியாக மூச்சு விட்டுப் பழகினோம். பிறகு உள்ளே போனோம். அவனோடு அந்தப் பெண், என்னோடு இன்னொருவர். சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நம்மை அவர்களே நடத்திக்கொண்டு போவார்கள். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அங்கே எப்படி இருந்தது என்று சபையில் கேட்பார்கள். அதைச் சொல்லலாம். காதில் விழுவது நம் மூச்சு ஒன்றுதான். இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது குமிழிகள் போகிற சத்தம். பக்கத்தில் எத்தனை பேர் இருந்தாலும் யாரும் யாரையும் கூப்பிட முடியாது. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. நாலைந்து வருடம் என் வீட்டு ஹாலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இங்கே மீன்கள் இருந்தன, அவ்வளவுதான்.

கதிர் எனக்குக் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான். மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அவன் உடம்பையே திருப்பி என்னைத் தேடினான். அந்தப் பெண்ணுக்கு அது தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். என்னைக் கண்டுபிடித்ததும் மீன்களைக் காட்டினான். கண்ணாடிக்குள் அவன் கண் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அப்போது என் மனம் கொஞ்சம் தடுமாறியது, ஒத்துக்கொள்கிறேன். அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கற்றுக்கொடுத்த சைகைகளில் அதற்கு ஒன்றும் இல்லை.

சிறிது நேரத்தில் அந்தப் பெண் அவனுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவன் நெஞ்சு விரிவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து குமிழி வரவில்லை. அவர் பின்னாலிருந்ததால் கவனிக்கச் சற்று நேரமானது. கவனித்ததும் முன்னால் வந்து அவன் வாய்ப்பக்கம் தட்டினார், ஊது ஊது என்று கையால் காட்டினார். அவனை நிறுத்தப் பார்த்தார். அவன் காலை உதைத்துக்கொண்டு ஏறினான். அதற்குள் வெளிச்சம் பக்கத்தில் வந்துவிட்டது.

நான் மேலே வந்தபோது அவன் குழாயைத் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, பாத்தியா" என்றான். அவன் கடைசியாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை அதுதான். பிறகு இருமினான். உதட்டில் சிவப்பு நுரை வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னை நோக்கி நீட்டிய வலது கை தண்ணீரில் அப்படியே விழுந்தது.

படகில் போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோனோம். காற்றழுத்த அறை ஒன்றில் அவனைப் படுக்க வைத்து வைத்தியம் செய்தார்கள். உயிர் பிழைத்தது. டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். தண்ணீருக்கு அடியில் இழுத்த காற்று, மேலே வர வர விரியும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் அது வெளியே போய்விடும். அடக்கிக்கொண்டு வந்தால் போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழித்துக்கொண்டு ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும். இது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் விதியாயிற்றே, இவருக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் ஈர உடையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "சொன்னேன் சார். மூச்சை அடக்கவே கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன், நீங்களே இருந்தீங்களே" என்று இந்தியில் என்னிடம் கேட்டார். ஆமாம், சொன்னார், நானும் அதை அப்படியே தமிழில் சொன்னேன், பாவம் அவன் பயத்தில் மறந்துவிட்டான் என்று டாக்டரிடம் சொன்னேன். போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு அவருக்கு வேலை போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மேல் தப்பில்லை என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று பட்டது.

நான் கதிரிடம் தமிழில் சொன்னது இதுதான், பாஸ்டர். "உள்ள இருக்கும்போது சாதாரணமா மூச்சு விடு. மேல போகலாம்னு கட்டைவிரலைக் காட்டுவாங்க இல்ல, அப்போ நல்லா இழுத்து நெஞ்சுல பிடிச்சுக்கோ. தலை வெளிய வர்ற வரைக்கும் மூச்சு விடாதே. விட்டா தண்ணி உள்ள போயிடும்."

"அத்த நீ சொல்லணுமாண்ணா. கெணத்துல முங்குறவன் நானு" என்றான்.

அந்த நிமிடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. அவன் டூர் பேச்சை எடுத்த மறுநாளே டைவிங் பற்றி வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். யார் பேசினாலும் அந்த ஒரு விதியில்தான் வந்து நின்றார்கள். பிறகு ஹேவ்லாக்கில் இருக்கிற இடங்களுக்குப் போன் செய்தேன். தமிழ் தெரிந்த ஆள் உங்களிடம் உண்டா என்று கேட்டேன். அங்கே தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உண்டு சார், தாராளமா வாங்க என்று சொன்னவர்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இல்லை சார், இந்தியும் இங்கிலீஷும்தான் என்று வருத்தப்பட்டுச் சொன்ன இடத்தில் பதிவு செய்தேன்.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஓசூருக்குப் போகிற அளவுக்கு உடம்பு தெம்பாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். செத்தும் போகலாம் என்று படித்திருந்தேன், மறைக்கவில்லை. அப்படி ஆனாலும் செம்பாக்கத்துக்குத்தானே கொண்டுவருவார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ரேஷ்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மட்டும் வந்து பார்த்துவிட்டு என் காலில் விழப் போனார். தடுத்துவிட்டேன். கதிரை என் வீட்டுக்கே கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டேன். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் இல்லை. மற்றவர்கள் பேசுவது அவனுக்கு நன்றாகப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை வராது என்று டாக்டர் சொன்னார். நான் அவனைக் குளிப்பாட்டுகிறேன், சவரம் செய்கிறேன், ஊட்டுகிறேன். ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை. இதையெல்லாம் நீங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள். அதில் ஒன்றும் பொய் இல்லை.

தாம்பரத்திலிருந்து டெபோரா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். ஜூன் மாதம் அவனைப் பிடித்து நிறுத்தி, நடக்க வைத்தாள். வாக்கரை இடது கையால் தள்ளிக்கொண்டு வாசல் வரை போனான். கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி நின்றான், உள்ளே வர மாட்டேன் என்று அடம்பிடித்தான். "சூப்பர் அங்கிள்! இப்படியே போனா கிறிஸ்துமஸுக்குள்ள தனியா நடந்துடுவாரு. பேச்சுக்கும் ஒரு தெரபிஸ்ட் வெச்சா பேச்சும் வந்துடும்" என்றாள் அவள்.

மறுநாள் அவளுக்குப் போன் செய்து, மகள் ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டாள், இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னேன். ரேஷ்மாவிடம், இதற்கு மேல் முன்னேற்றம் இருக்காது என்று டெபோரா சொல்லிவிட்டதாகச் சொன்னேன். வாக்கரைப் பரண்மேல் போட்டேன். உடற்பயிற்சி செய்தால் அவனுக்கு வலித்தது, பாஸ்டர். பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்.

நீங்கள் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தால் சொல்லலாம். நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ரேஷ்மாவுக்குக் கைக்குழந்தை. அவளால் முடியாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, கதிரின் எண்ணமும் அதுதான்.

போன புதன்கிழமை ரேஷ்மா வந்தாள். முதல் தடவையாகக் குழந்தையோடு வந்தாள். வெளியே கார் நின்றது, மாப்பிள்ளை பின் சீட்டில் மெத்தை விரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தையை அவன் மடியில் படுக்க வைத்தாள். அவன் இடது கையால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அப்பா, நம்ம வீட்டுக்குப் போலாம்ப்பா" என்று ரேஷ்மா அவன் கன்னத்தைத் துடைத்தாள். "பெரியப்பா எவ்ளோ நாள்தான் பாத்துப்பாங்க? நான் பாத்துக்கறேன். வர்றியாப்பா?"

அவன் வாய் கோணிக்கொண்டு துடித்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கடைசியில், "போ" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "போ... போ..."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவன் முனகுவது எனக்கு மட்டும்தான் புரியும் என்று அவளிடம் போனில் சொல்லியிருந்தேன்.

"என்ன பெரியப்பா சொல்றாரு?"

"போன்னு சொல்றான்மா" என்றேன். "உன்னைத்தான் போகச் சொல்றான். கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்னு என்கிட்ட அடிக்கடி ஜாடை காட்டுவான்."

அவள் கொஞ்ச நேரம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் கட்டிலில் கையால் அடித்தான். பார்த்தாயா, கோபப்படுகிறான், கிளம்பு என்று நான் மெதுவாகச் சொன்னேன். குழந்தையின் காலிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. மாப்பிள்ளை மெத்தையைச் சுருட்டி வைத்தார்.

கார் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்தேன். கதிர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தலையணை நனைந்திருந்தது. மத்தியான வெயில் நேராக அவன் கண்ணில் படுகிறது போலிருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.